எலிகளிடம் விடை தேடிய கமல் ரணதிவே

சளி, காய்ச்சல், அம்மை எல்லாம் வைரஸால் வரும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். புற்றுநோய்க்கும் வைரஸுக்கும் தொடர்பு உண்டா? நம் நாட்டில் இதை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் கமல் ரணதிவே.

1917 நவம்பர் 8-ல் புனேயில் பிறந்தார். அப்பா கல்லூரியில் உயிரியல் கற்பித்தவர். மகள் டாக்டராக வேண்டும், ஒரு டாக்டரையே மணக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டுமே நடக்கவில்லை! கமல் தாவரவியலும் விலங்கியலும் படித்தார். 1939-ல் கணிதம் படித்த ரணதிவேயை மணந்தார். சீத்தாப்பழக் குடும்பத்துத் தாவரங்களை ஆராய்ந்து முதுகலைப் பட்டமும் வாங்கினார். பிறகு பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் கானோல்கரிடம் ஆராய்ச்சி செய்து, 1949-ல் முனைவரானார்.

அங்கே அவரை ஈர்த்தவை எலிகள். சில எலி வம்சங்களில் தலைமுறை தலைமுறையாக மார்பகப் புற்றுநோய் வந்தது. 1936-ல் அமெரிக்காவில் பிட்னர் என்பவர் அந்தக் குட்டிகளை நோயில்லாத வேறு தாய் எலியிடம் பால் குடிக்க விட்டார். நோய் வெகுவாகக் குறைந்தது! பாலில் வந்தது ஒரு வைரஸ் என்று பின்னர் தெரிந்தது. (இது எலிகளின் கதை. நம் தாய்ப்பால் குழந்தைக்கு நல்லதே, பயப்படாதீர்கள்.) பரம்பரை, ஹார்மோன், வைரஸ் மூன்றும் சேர்ந்து எப்படி நோயை உண்டாக்குகின்றன என்று கமல் ஆராய்ந்தார்.

அந்த வைரஸ் செய்யும் வேலையைக் கேளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டேனரிகளில் பெரிய மர டிரம்களில் தோல் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். நேரம் முடிந்ததும் சுவிட்சை அணைப்பார்கள். யாரோ ஒருவர் உள்ளே புகுந்து, அந்த சுவிட்ச் அணையாதபடி கட்டி வைத்துவிட்டால்? டிரம் சுழன்றுகொண்டே இருக்கும். செல்லுக்குள்ளும் வளர்ச்சிக்கான மரபணுக்கள் உண்டு. தேவைப்படும்போது இயங்கும், பிறகு அடங்கும். எலி வைரஸ் தன் மரபணுக்களைச் செல்லின் மரபணுக்களுக்கு நடுவே செருகுகிறது. அதனுடன் வரும் வலுவான 'சுவிட்ச்', பக்கத்திலுள்ள வளர்ச்சி மரபணுவை அடங்கவிடாது. செல் பெருகிக்கொண்டே போகும். மரபணு எலியுடையது, சுவிட்ச் மட்டும்தான் வைரஸுடையது! 1982-ல்தான் இந்த ரகசியம் வெளிப்பட்டது.

மனிதரில், பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வேறொரு வைரஸ் காரணம். அதன் புரதங்கள் செல்லின் 'பிரேக்'குகளையே செயலிழக்கச் செய்கின்றன. இதற்குத் தடுப்பூசி உண்டு. 9 முதல் 14 வயதுப் பெண்களுக்கு அதைப் போடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் வயதுதானே!

கமல் அமெரிக்கா சென்று, உடலுக்கு வெளியே கண்ணாடிப் பாத்திரத்தில் செல்களை வளர்க்கும் கலையை ஜார்ஜ் கை என்ற வல்லுநரிடம் பயின்றார். திரும்பி வந்து பம்பாயில் அதற்கென ஓர் ஆய்வகம் அமைத்தார். தொழுநோய்க் கிருமியையும் அவர் விடவில்லை. வேலூர் அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த நோயின் பெயர் புதிதல்ல.

1973-ல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கம் உருவாகத் துணை நின்றார். 1982-ல் பத்மபூஷண் பெற்றார். ஓய்வுக்குப் பின்னும் சும்மா இருக்கவில்லை. மகாராஷ்டிரக் கிராமங்களுக்குப் போய், பெண்களுக்குச் சத்துணவு, சுகாதாரம் பற்றிப் பயிற்சி தந்தார். 2001-ல் காலமானார்.