சிறுமலரின் தாயும் அடங்காத மகளும்

கையில் ரோஜா மலர்களோடு நிற்கும் சிறுமலர் தெரேசாவின் சுரூபம் நமக்குப் பழக்கமானது. அவரைப் பெற்ற தாய் புனித செலி மார்ட்டினைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

செலி 1831 டிசம்பர் 23 அன்று பிரான்சு நாட்டில் அலான்சோன் நகருக்கு அருகில் பிறந்தார். கன்னியர் மடத்தில் சேர விரும்பினார். மடத்துத் தலைவி ஏற்கவில்லை. பிழைப்புக்காக லேஸ் பின்னக் கற்றுக்கொண்டார். அலான்சோன் லேஸ் ஊசியும் மெல்லிய நூலும் கொண்டு கையாலேயே செய்யப்படுவது. பல பெண்கள் தத்தம் வீடுகளில் சிறுசிறு துண்டுகளாகச் செய்து, வியாழன்தோறும் செலியின் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அந்தத் துண்டுகளை, இணைத்த இடம் கண்ணுக்குத் தெரியாதபடி ஒன்றுசேர்ப்பது செலியின் வேலை. கண்ணைக் கெடுக்கும் வேலைதான். ஆனாலும் சன்னல் ஓரம் அமர்ந்து அதைச் செய்வது அவருக்குப் பிடித்திருந்தது. வேலை செய்த பெண்கள் நோயுற்றால் வீடு தேடிப்போய்ப் பார்த்தார்.

1858-ல் கடிகாரக் கடை வைத்திருந்த லூயி மார்ட்டினை மணந்தார். பிள்ளைகள் ஒன்பது பேர். நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர்; 1870-ல் மட்டும் இரண்டு பெண் குழந்தைகள்.

இறந்த பிள்ளைகளைவிட உயிரோடிருந்த ஒரு பிள்ளைதான் அவரை அதிகம் கலங்க வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1863-ல் பிறந்த மூன்றாம் மகள் லியோனி கைக்குழந்தையிலிருந்தே நோயாளி. படிப்பு ஏறவில்லை, சொன்ன பேச்சும் கேட்பதில்லை. அக்காமார் இருவரும் நன்றாகப் படித்த லே மான் நகர மடத்துப் பள்ளியிலிருந்து லியோனியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே கன்னியராயிருந்த பெரியம்மாவாலும் அவளைத் திருத்த முடியவில்லை. செலி உறவினருக்கு எழுதிய கடிதங்கள் இருநூறுக்கும் மேல் கிடைத்துள்ளன. லேஸ் கணக்கு, தலைவலி, பிள்ளைகளின் உடுப்பு இவற்றுக்கு நடுவே, லியோனியை என்ன செய்வதென்று தெரியாத தவிப்பும் அவற்றில் இருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை.

1876 டிசம்பரில் மார்பகப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். சில மாதங்களில், 1877-ல், மூத்த மகள் மரி ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். வீட்டு வேலைக்காரப் பெண் நெடுநாளாக லியோனியை மிரட்டித் தன் சொல்லுக்கு மட்டுமே கீழ்ப்படிய வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை தாயை நெருங்காததற்குக் காரணம் அதுதான். ஒரே கூரையின்கீழ் இருந்தும் செலிக்கு இது தெரியாமல் போயிற்று. தாய்மார்களுக்கு அந்த வேதனை புரியும்.

முன்பு அதே பெண் நோயில் கிடந்தபோது இரவும் பகலும் பணிவிடை செய்தவர் செலி. இப்போது உடனே போய்விடச் சொன்னார். அவள் கெஞ்சி அழுததால், லியோனியிடம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்ற கட்டளையோடு இருக்கவிட்டார். இதைப் பலவீனம் என்பாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதன்பின் லியோனியைத் தன் அருகிலேயே வைத்துக்கொண்டார். அதட்டல் செய்யாததை அந்த அருகாமை செய்தது. மகள் தாயை விட்டு அகலவே இல்லை. இவளுக்காகவாவது இன்னும் சில ஆண்டுகள் வேண்டும் என்றுதான் ஜூன் மாதம் மூத்த மகள்கள் மூவரோடும் லூர்து நகருக்குப் போனார். நான்கு முறை ஊற்றுநீரில் இறங்கினார். குணம் கிடைக்கவில்லை. ஆகஸ்டு 28 அன்று, தமது 45-ஆம் வயதில் இறந்தார். அப்போது தெரேசாவுக்கு வயது நான்கு, லியோனிக்குப் பதினான்கு.

தாயும் மகளும் நெருங்கியிருந்தது சில மாதங்களே. பிறகு லியோனி மூன்று முறை மடத்தில் சேர்ந்து, மூன்று முறையும் வீடு திரும்பினார். 1899-ல் நான்காம் முறையாக கான் நகர விசிட்டேஷன் மடத்தில் சேர்ந்து, 1941-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் செலிக்கும் லூயிக்கும் ஒன்றாகப் புனிதர் பட்டம் வழங்கினார். லியோனியின் புனிதர் பட்டத்திற்கான பணிகள் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.