வானிலிருந்து இறங்கிய மருத்துவர்



போன விடுமுறை முகாமில் இரவுச் சாப்பாடு முடிந்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நான் வார இறுதியில் வான்குடையில் குதிக்கிற ஆள் என்று அங்கே பலருக்குத் தெரியும். குளுவாங்கிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, நம்ம ஆளுங்கள்ல முதல்ல குதிச்சது யார் அண்ணே என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் குதித்தும் இது தெரியலையே என்று வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்தத் தம்பிக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். தமிழர், மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இந்திய இராணுவத்தில் பெயர் போனவர். நம் நாட்டில்தான் அவரைப் பற்றிப் பேசுவார் இல்லை.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். 1941 அக்டோபரில் இந்தியாவில் 50ஆவது பாராசூட் பிரிகேட் அமைக்கப்பட்டது. அதில் 152ஆவது இந்தியப் பாராசூட் பட்டாளத்துக்கு மருத்துவ அதிகாரியாக இளம் லெப்டினன்ட் ரங்கராஜ் போய்ச் சேர்ந்தார். அந்தப் பட்டாளத்தில் அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் வான்குடையில் குதித்த முதல் இந்தியர்கள் என்று இராணுவ வரலாறு சொல்கிறது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். டாக்டருக்கு ஏன் குதிக்கிற வேலை? காயம்பட்டவர்களைப் பின்னால் கொண்டுவந்தால் கூடாரத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் வான்குடைப் படை எதிரியின் முதுகுப் பக்கம் இறங்குகிற படை. அங்கே சாலை இருக்காது, ஆம்புலன்ஸ் வராது. கால் முறிந்தவனை அங்கேயே பார்க்கணும்னா, டாக்டரும் அதே விமானத்திலிருந்து அதே காற்றில் குதித்தாகணும்.

அவர்கள் எதை நம்பிக் குதித்தார்கள் என்பதைக் குதிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். செகாமாட் பக்கம் நாங்கள் குதிக்கும்போது முதுகில் இருப்பது ஒரே பைதான், ஆனால் அதற்குள் இரண்டு வான்குடை. ஒன்று மெயின், இன்னொன்று ரிசர்வ். மெயினை நாமே மடிக்கலாம். ரிசர்வைத் தகுதி பெற்ற ரிக்கர் மட்டுமே மடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர். பைக்குள் ஒரு சின்னக் கருவி: நாம் மயங்கிப் போனாலும், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் அதுவே ரிசர்வைத் திறந்துவிடும். எங்கள் வான்குடை நீள்சதுரமாக இருக்கும், இறக்கை மாதிரி திருப்பலாம், இறங்கும்போது பிரேக் பிடிக்கலாம்.

ரங்கராஜ் காலத்தில் இதில் ஒன்றும் கிடையாது. வட்டமான துணி. அதைத் திருப்ப வழி கிடையாது, காற்று போகிற பக்கம்தான் போகும். பையிலிருந்து ஒரு பட்டை விமானத்தில் மாட்டியிருக்கும், குதித்ததும் அதுவே வான்குடையை இழுத்துத் திறக்கும். திறக்கவில்லை என்றால்? பிரிட்டிஷ் முறையில் பயிற்சி பெற்ற அந்தப் படைகளுக்கு அன்று ரிசர்வ் கிடையாது. அவ்வளவுதான். தரையில் இறங்குவதும் ஆளுயரத்துக்கு மேலான சுவரிலிருந்து குதிக்கிற மாதிரி. பாதமும் முழங்காலும் ஒட்டியிருக்கணும், உடனே பக்கவாட்டில் உருளணும். கொஞ்சம் பிசகினாலும் கணுக்கால் போச்சு.

போர் முடிந்தது, இந்தியா விடுதலை அடைந்தது. ரங்கராஜ் லெப்டினன்ட் கர்னல் ஆனார். 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவுக்குத் தலைவர். 1950இல் கொரியப் போர் மூண்டது. சண்டை போட ஆள் அனுப்புவதில்லை, காயத்துக்கு மருந்து போட ஆள் அனுப்புவோம் என்று இந்திய அரசு முடிவெடுத்தது. ரங்கராஜின் பிரிவு கப்பலேறி அந்த ஆண்டு நவம்பரில் கொரியா போய்ச் சேர்ந்தது. உறைபனிக் குளிர்.

போய்ச் சில நாட்களிலேயே பெரிய சோதனை. சீனப் படைகள் திரண்டு வந்ததால் ஐக்கிய நாட்டுப் படைகள் பியோங்யாங் நகரைவிட்டுப் பின்வாங்கின. இந்தியப் பிரிவுக்கோ போதிய வண்டி இல்லை. மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் கிளம்ப வேண்டிய நிலை. ரங்கராஜ் அதற்கு இசையவில்லை. கத்தியும் மருந்தும் இல்லாத டாக்டர் யாருக்குப் பயன்? அவருடைய ஆட்கள் தேடித் திரிந்து ஒரு பழைய ரயில் எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தார்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமே. வரிசையாக நின்று வாளி வாளியாகக் கை மாற்றி ஊற்றினார்கள். ரயிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த சிப்பாய்களே அதை ஓட்டினார்கள். ஆற்றுப் பாலத்தை அவர்கள் கடந்த பிறகு பாலம் தகர்க்கப்பட்டது. ஆளும் தப்பியது, சாமானும் தப்பியது.

அடுத்தது 1951 மார்ச் 23. சியோலுக்கு வடக்கே முன்சான்னி என்ற இடத்தில் அமெரிக்காவின் 187ஆவது வான்குடைப் படை குதித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். அவர்களோடு இந்தியப் பிரிவிலிருந்து பன்னிரண்டு பேரும் குதித்தார்கள். முன்னால் நின்றவர் ரங்கராஜ். கீழே இறங்கிய கையோடு அறுவை சிகிச்சை தொடங்கிவிட்டது. அந்த நடவடிக்கையில் நூறுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார்கள். இவர்கள் இல்லாவிட்டால் ஏறத்தாழ ஐம்பது பேர் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் துப்பாக்கியோடு இறங்கினார்கள். இவர்கள் கத்தரியும் பஞ்சும் கொண்டு இறங்கினார்கள்.

அதே காலத்தில் நம்ம மலாயாவிலும் வான்குடை வீரர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவசரகாலத்தில் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் 1952இல் பேராக் பெலும் காட்டில் மர உச்சிகள் மேலேயே இறங்கி, கயிறு விட்டுக் கீழே வந்தார்கள். காட்டையும் மலையையும் பார்த்து இறங்குவது எப்படிப்பட்ட விஷயம் என்று நம்ம நாட்டு மண்ணும் அறியும்.

ரங்கராஜின் பிரிவில் ஒரு பகுதி தேகு நகரில் தங்கி, மேஜர் பானர்ஜியின் தலைமையில் கொரியப் பொதுமக்களுக்கும் வைத்தியம் பார்த்தது. 1954 வரை அந்தப் பிரிவு கொரியாவில் இருந்தது. அவர்கள் பார்த்த நோயாளிகள் சுமார் 2 லட்சம் பேர் என்கிறார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. அது போர்க்கால வீரத்துக்கு இந்தியா கொடுக்கும் இரண்டாவது உயர்ந்த விருது.

கதை இதோடு முடிந்திருந்தாலே போதும். ஆனால் என்னை உலுக்கியது இதற்குப் பிறகு வருவதுதான்.

என் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் முகமெல்லாம் குழி குழியாக இருக்கும். சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவர். அவருடைய தங்கை பிழைக்கவில்லை. ஜோகூரில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அம்மனை நம் முன்னோர் அவ்வளவு உருகிக் கும்பிட்டதில் அந்த நோயின் பயமும் உண்டு. வேப்பிலையும் கூழும் அந்த நினைவைத்தான் இன்றும் தாங்கி நிற்கின்றன.

இராணுவ வேலைக்குப் பிறகு ரங்கராஜ் உலகச் சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியை வழிநடத்தினார். மலை, பாலைவனம், சாலை இல்லாத கிராமங்கள். வேற்று ஆண்கள் முன்னால் பெண்கள் வராத வழக்கம். அதோடு, நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்ததை மற்றவர் உடம்பில் கீறி வைக்கும் பழைய முறையும் இருந்தது. அதனாலேயே நோய் பரவியது. ஊர் ஊராக ஆள் அனுப்பி, நோய் வந்த வீட்டைத் தேடிப்பிடித்து, சுற்றியுள்ள எல்லாருக்கும் ஊசி போட்டார்கள். 1972இல் அந்த நாட்டில் பெரியம்மை ஒழிந்தது. 1980இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பாட்டியின் முகத்தில் இருந்த குழி என் அம்மா முகத்தில் இல்லை, என் முகத்திலும் இல்லை. உலகமெங்கும் இதற்காக உழைத்த ஆயிரக்கணக்கானோரில் நம்ம ரங்கராஜும் ஒருவர்.

2009இல் அவர் மறைந்தார்.

முகாமில் அந்தத் தம்பி இன்னொன்றும் கேட்டான். குதிக்கிறதுக்கு பயமே இருக்கக்கூடாது, இல்லையா அண்ணே என்று. அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டேன். இப்போது சொல்கிறேன்: பயம் இருக்கணும் தம்பி. பயம் இருக்கிறவன்தான் சரிபார்ப்பான். நாங்கள் பையை மாட்டும் முன் ஒரு தடவை, ஏறும் முன் ஒரு தடவை, குதிக்கும் முன் ஒரு தடவை என்று மூன்று முறை பார்ப்போம். ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில் என் மார்புப் பட்டையைத் தவறாகக் கோர்த்திருந்தேன். பக்கத்தில் நின்ற நண்பர் ஒன்றும் பேசாமல் கை நீட்டிச் சரிசெய்தார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. பல நாள் காலையிலிருந்து காத்திருப்போம், மத்தியானம் மேகம் கறுத்துவிடும், குதிக்காமலே வான்குடையை மடித்து வைத்துவிட்டு வீடு திரும்புவோம். அதில் ஒரு அவமானமும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் ராத்திரியில் ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் ஓட்டி, அதை வீரம் என்று நினைக்கிறார்கள். கடந்த சில வருஷத்தில் எத்தனை சாவு வீட்டுக்குப் போய்விட்டேன்! ரிசர்வ் இல்லாமல் குதித்த ரங்கராஜ், வேறு வழி இல்லாததால் குதித்தார். அடுத்தவன் உயிருக்காகக் குதித்தார். நமக்கு ஹெல்மெட் இருக்கிறது, வழியும் இருக்கிறது. யாருக்காக நாம் தலையை வெறுமனே விட்டு ஓட்டுகிறோம்?

உயிரைப் பணயம் வைப்பதென்றால் ரங்கராஜ் மாதிரி ஒரு தொண்டுக்காக வையுங்கள். மற்ற நாளெல்லாம் பட்டையைச் சரிபாருங்கள். பக்கத்தில் நிற்கிறவன் பட்டையையும் பாருங்கள்.