கல்விக் கொடைவள்ளல் ஹாஜி முஹம்மது முஹ்சின்

வங்காளத்தின் ஹூக்ளி நகரில் 1732ஆம் ஆண்டு பிறந்து, 1812ஆம் ஆண்டு அந்நகரிலேயே மறைந்தவர் ஹாஜி முஹம்மது முஹ்சின். அவர் மறைந்து இரு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், பிள்ளைகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்தவுடன், மகிழ்ச்சியோடு கல்லூரிக் கட்டணம் பற்றிய கவலையும் சேர்ந்தே வந்துவிடும் இந்நாளில், அவரது வரலாற்றை நமது ஜமாஅத்தார் அறிந்திருத்தல் பயனுடையது எனக் கருதி, இங்கே தருகிறோம்.

முஹ்சினின் முன்னோர் பாரசீகத்திலிருந்து வந்தவர்கள். அவருடைய தாயார் ஜைனப் கானம், முதற்கணவர் இறந்தபின் ஹாஜி ஃபைஸுல்லாஹ்வை மறுமணம் செய்துகொண்டார். முதல் மணத்தில் பிறந்த மன்னுஜான் கானமும், இரண்டாம் மணத்தில் பிறந்த முஹ்சினும் ஒரே இல்லத்தில் ஒன்றாக வளர்ந்தனர். அரபு, பாரசீக மொழிகளைக் கற்றுத் தேர்ந்த முஹ்சின், இளமையிலேயே நாடு விட்டுப் புறப்பட்டார். ஹஜ்ஜை நிறைவேற்றி, மேற்காசிய நாடுகள் பலவற்றிலும் நெடுங்காலம் பயணம் செய்தார். அறிஞர்களோடு பழகுவதும் கற்பதுமே அவருக்கு நாட்டமாயிருந்தன.

இதனிடையே மன்னுஜான் கணவரை இழந்தார். மகப்பேறு இல்லாத அவர், ஜெஸ்ஸூர் பகுதியின் சையத்பூர் எஸ்டேட் உள்ளிட்ட பெருஞ்சொத்துகளைத் தாமே திறம்பட நிர்வகித்து வந்தார். 1803ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, அச்சொத்துகள் யாவும் தம்பிக்கு வந்து சேர்ந்தன. அப்போது முஹ்சின் எழுபது வயதைத் தாண்டியிருந்தார். மணம் செய்து கொள்ளாதவர், வாரிசும் இல்லை.

1806ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அவர் தம் சொத்து முழுவதையும் வக்ஃபு செய்து ஆவணம் எழுதினார். வருவாய் ஒன்பது பங்குகளாக வகுக்கப்பட்டது. மூன்று பங்கு மார்க்கக் காரியங்களுக்கு. நான்கு பங்கு ஊழியர் ஊதியத்திற்கும் உதவித்தொகைகளுக்கும். இரண்டு பங்கு முதவல்லிகளுக்கு. எஞ்சிய ஆறாண்டுகளையும் எளிமையாகவே கழித்தார்.

அவருக்குப்பின் நடந்தவையே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை. முதவல்லிகள் நிதியை முறைகேடாகக் கையாண்டதால், கிழக்கிந்தியக் கம்பெனி அரசு நிர்வாகத்தை ஏற்றது. அது குறித்த வழக்கு பல்லாண்டுகள் நீடித்தது. அக்காலத்தில் சேர்ந்த வருவாய் பல இலட்சம் ரூபாயாகப் பெருகிற்று. அந்நிதியைக் கொண்டு 1836ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஹூக்ளியில் கல்லூரி திறக்கப்பட்டது. பின்னாளில் பிரிவி கவுன்சில் நீதிக்குழுவின் முதல் இந்திய உறுப்பினரான சையத் அமீர் அலி அங்கு பயின்றவரே.

ஆயினும் அமீர் அலியைப் போன்றோர் மிகச் சிலரே. 1871ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் என்னும் ஆங்கில அதிகாரி, அக்கல்லூரியின் ஆங்கிலப் பிரிவிலிருந்த முந்நூறு மாணவர்களில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று எழுதினார். ஆங்கிலக் கல்வியின்மீது இருந்த தயக்கம் ஒரு காரணம். வறுமை மற்றொரு காரணம். முஹ்சினின் பணத்தில் கட்டடம் எழுந்தது. ஆனால் அவர் சமுதாயத்து ஏழைப் பிள்ளை அதன் வாயிலுக்கு வெளியிலேயே நின்றான்.

இந்நிலையை மாற்ற அயராது முயன்றவர் கல்கத்தாவின் நவாப் அப்துல் லத்தீப். அவரைப் போன்றோரின் முயற்சியால் 1873ஆம் ஆண்டு அரசு புதிய ஏற்பாட்டைச் செய்தது. கல்லூரியின் செலவை அரசே ஏற்றுக்கொண்டது. விடுவிக்கப்பட்ட நிதி மதரஸாக்களுக்கும், முஸ்லிம் மாணவர்களின் கல்விக் கட்டணத்தில் மூன்றில் இரு பங்கைச் செலுத்துவதற்கும் ஒதுக்கப்பட்டது. ஹூக்ளியில் மட்டுமன்றி வங்காளத்தின் பிற ஊர்களில் பயின்றோரும் பயனடைந்தனர். எஞ்சிய ஒரு பங்கைத் திரட்டுவது குடும்பங்களுக்கு எளிதாயிற்று.

இவ்வரலாறு நமக்கும் பொருந்துவதாகும். 1984க்குப் பின் சுயநிதிக் கல்லூரிகள் பெருகியதால் இன்று ஆவடியிலும் பூந்தமல்லியிலும் சுற்றுப்புறங்களிலும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. முதல் பட்டதாரி மாணவருக்கான கட்டணச் சலுகையைத் தமிழக அரசு 2010 முதல் வழங்கி வருகிறது. எனினும் பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம் என வரும் செலவுகள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கூலி பெறும் தந்தைக்குப் பெருஞ்சுமையே. இடம் கிடைத்தும் குறித்த நாளுக்குள் பணம் கட்ட இயலாமல் படிப்பைக் கைவிடும் பிள்ளைக்கு, ஒரு மாதம் கழித்துக் கிட்டும் உதவி பயன்படாது.

ஆகவே, கல்விக்கென ஜமாஅத்தார் வழங்கும் தொகை தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். சேர்க்கைக் காலத்திற்கு முன்பே விண்ணப்பங்கள் பெறப்பட்டு, கட்டணம் நேராகக் கல்லூரிக்கே செலுத்தப்பட வேண்டும். ஆண்டுதோறும் கணக்கு ஜமாஅத்தார் முன் வைக்கப்பட வேண்டும். பயனடைந்து பணியில் அமர்ந்தோர், தமக்குப்பின் வரும் ஒரு மாணவரின் கட்டணத்தை ஏற்க முன்வர வேண்டும். முஹ்சின் விட்டுச்சென்ற செல்வம் ஏழை மாணவனின் கையை அடைய, அவர் மறைந்தபின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நாம் அளிக்கும் நிதி அவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை.

மர்ஹூம் முஹ்சின் அவர்களின் நற்கொடையை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! அவ்வழியில் நடக்க நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.