தாவரநூற் பேராசிரியர் பஞ்சானன் மகேசுவரி

ஜெயப்பூர் நகரில் 1904 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் தோன்றியவர் பஞ்சானன் மகேசுவரி. அலகாபாத்து யூயிங் கிறித்தவக் கல்லூரியிற் பயிலுங்கால், வின்பீல்டு டட்ஜியன் என்னும் அமெரிக்கரைத் தாவரநூல் ஆசிரியராகப் பெற்றார். மாணாக்கன் தம்மினும் மேம்பட்டு விளங்குதலே தமக்கு உவகை என்று கருதியவர் அவர். பெற்ற உதவிக்குக் கைம்மாறு யாது செய்வதென மகேசுவரி வினவியபோது, தாம் அவருக்குச் செய்ததை அவர் தம் மாணாக்கர்க்குச் செய்தலே போதும் என்று டட்ஜியன் விடையிறுத்தார். பொன்னோ ஆடையோ கேட்டிருப்பின் அக்கடன் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். இஃதோ வாழ்நாட் கடனாயிற்று.

1930 இல் ஆக்ராக் கல்லூரியில் ஆசிரியரானார். 1939 இல் டாக்காப் பல்கலைக்கழகம் சென்றார். நாடு பிரிவுற்றபின், 1949 இல் தில்லிப் பல்கலைக்கழகத்துத் தாவரநூற் பேராசிரியராக அமர்ந்தார்.

அவர் ஆராய்ந்த பொருள் பூக்கும் செடிகளின் கருவியல். மகரந்தம் சூலகமுடியில் விழுந்து, குழாயொன்றை நீட்டிச் சூலினுட் புகுகின்றது. அது கொணரும் ஆணணுக்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகின்றது. மற்றொன்று அக்கருவிற்கு உணவாகும் பகுதியைத் தோற்றுவிக்கின்றது. நாம் உண்ணும் அரிசியின் பெரும்பகுதி இவ்விரண்டாம் கூட்டத்தின் பயனே என்பதை நம் இல்லத்துப் பெண்மக்களும் அறிதல் நன்று. கண்ணுக்குப் புலனாகாத இச்செயல்களைப் பற்றி உலகெங்கும் சிதறிக் கிடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து அவர் இயற்றிய நூல் 1950 இல் வெளிவந்தது. பிறநாட்டறிஞரும் அதனைப் போற்றிக் கற்றனர். செடிகளின் குடும்ப உறவைத் துணிதற்கும் கருவியற் கூறுகள் சான்றாகும் என்பது அவர்தம் கொள்கை.

தில்லியில் அவர்பாற் பயின்றார் பலர். 1962 இல் கந்தா, அரங்கசாமி என்னும் இருவருடன் கூடி, அபினிச் செடியின் சூல்களையும் மகரந்தத்தையும் கண்ணாடிக் குழாயில் ஒருங்கு வைத்துக் கருவுறச் செய்தார். அவர் தலைமை பூண்ட துறையிலேயே, 1964 இல், சிப்ரா குகா என்னும் அம்மையாரும் பேராசிரியரின் புதல்வர் சதீசு சந்திர மகேசுவரியும் ஊமத்தையின் மகரந்தப் பையிலிருந்து இளங்கருக்களை வளர்த்துக் காட்டினர். தாய்ச்செடியின் மரபணுக் கோல்களில் பாதியே உடையவை அவை.

இத்துணைப் பெரியார் உயர்நிலைப் பள்ளிச் சிறார்க்கு உயிர்நூற் பாடப்புத்தகம் ஆக்கும் பணியையும் மேற்கொண்டார். பள்ளியாசிரியனாகிய எனக்கு அவருடைய பட்டங்களினும் இதுவே பெரிதாய்த் தோன்றுகின்றது.

1965 இல் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கிற்று. மறு ஆண்டு மே 18 ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். ஊமத்தையிற் கண்ட அம்முறையைக் கைக்கொண்டு 1968 இல் சப்பானியர் நெற்பூவின் மகரந்தப் பையிலிருந்து நாற்று எழச் செய்தனர்.