ஏடும் பதிவேடும் இதழும்: பண்டிதர் அயோத்திதாசர் சரிதம்

எழுத்தறிந்தோர், எழுத்தறியாதோர் என மக்களை இரு கூறாகப் பகுத்துவிடுதல் உலக வழக்கம். இவ்வழக்கின் குறைபாட்டை நாம் நூலாலையில் பணிபுரிந்த காலத்தில் நேரே கண்டோம். நூலைத் தொட்ட மாத்திரத்தில் அது 40-ஆம் நம்பரா, 60-ஆம் நம்பரா என்று சொல்ல வல்லோராயிருந்தோம். சம்பளப் பதிவேட்டில் பெயரெழுதவும் கற்றிருந்தோம். ஆயினும் ஒரு நாள், நமக்கு விளங்காத மொழியில் அச்சிட்ட தாள் ஒன்று நம்முன் வைக்கப்பட்டது. எல்லோரும் ஒப்பமிடுகின்றனரே என்று நாமும் ஒப்பமிட்டோம். வேலையை விட்டு மனமுவந்து நீங்குகிறோம் என்பதே அத்தாளின் பொருள் என்பதைச் சில திங்கள் கழிந்த பின்னரே அறிந்தோம். கையொப்பமிடும் எழுத்தறிவு நம்மிடம் இருந்தது. எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்று அறியும் எழுத்தறிவு இல்லை.

இவ்விரண்டிற்கும் உள்ள தூரத்தை நூறாண்டுகளுக்கு முன்னரே அளந்தறிந்து, அத்தூரத்தைத் தம் மக்கள் கடக்கும் பொருட்டு வாழ்நாளெல்லாம் உழைத்தவர் பண்டிதர் அயோத்திதாசர். தமிழ்ப் பௌத்தராகிய நாம் அனைவரும் அவர் பெயரை அறிவோம். அவர் சரிதத்தை எழுத்தறிவு என்னும் ஒரு பொருள்பற்றி இங்கு நினைவுகூர விழைகிறோம்.

பண்டிதர் 1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன் என்பது. இளமையில் தமக்குத் தமிழும் மருத்துவமும் போதித்த வல்லகாளத்தி அயோத்திதாச கவிராஜ பண்டிதர்மீது கொண்ட பக்தியால் ஆசானின் பெயரையே தம் பெயராக ஏற்றார். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். சித்த மருத்துவமே அவர் குடும்பத்தைக் காத்த தொழில். இராயப்பேட்டையில் சிறுவராயிருந்த திரு.வி. கலியாணசுந்தரனார் பண்டிதரிடம் சிகிச்சை பெற்றுக் குணமடைந்த செய்தியைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு பதிந்துள்ளார்.

பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் ஆங்கிலேயத் துரை ஒருவரிடம் பட்லராக வேலை பார்த்தவர். அவர் தம் வீட்டில் வழிவழியாகப் போற்றிவந்த திருக்குறள் ஓலைச்சுவடியைத் தம் துரையிடம் அளித்தார். அச்சுவடி அவர் வழியாக எல்லிஸ் துரையின் கையைச் சேர்ந்தது. இச்செய்தியைப் பண்டிதரே தம் இதழில் வரைந்திருக்கிறார். இதனை நாம் ஒரு குடும்பப் பெருமையாக மட்டும் கொள்ளலாகாது. தீண்டத்தகாதோர் என்று ஊரார் விலக்கிய மக்களின் வீட்டில் திருக்குறள் ஏடு இருந்தது என்றால், அம்மக்களைக் கல்லாதோர் என்ற சொல் எப்படிப் பொருந்தும்?

ஓலை ஏட்டைப் படித்தல் இன்றைய அச்சுப் புத்தகத்தைப் படித்தல் போன்றதன்று. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று மெய்யெழுத்தின் மேல் புள்ளி வைப்பதில்லை. குறில் எகரத்திற்கும் நெடில் ஏகாரத்திற்கும் வரிவடிவில் வேறுபாடில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. பொருளை முன்னமே ஓரளவு அறிந்தவனே ஏட்டைப் பிழையறப் படிக்க இயலும். ஆதலால் ஏட்டறிவு என்பது ஆசான் வாயிலாக, மனப்பாடத்தின் துணையோடு, வீடு வீடாக வளர்ந்த அறிவு. வைத்தியரும் சோதிடம் வல்ல வள்ளுவரும் இவ்வறிவைக் காத்தனர். இதன் சிறப்பு ஆழம். இதன் குறை அடைப்பு. ஆசானைச் சேர்ந்தவனுக்கே அது கிட்டும். ஆசான் மறைந்தால் ஏடு செல்லுக்கு இரையாகும். பண்டிதர் இந்த ஆழத்தைப் பெற்றார். அடைப்பைத் திறக்க எண்ணினார்.

அக்காலத்தில் மற்றொரு வகை எழுத்தும் நாட்டில் பரவிக்கொண்டிருந்தது. அதுவே பதிவேட்டின் எழுத்து. அரசாங்கம் மக்களைத் தலை தலையாக எண்ணி, ஒவ்வொருவருக்கும் ஒரு சாதியும் ஒரு மதமும் எழுதிக்கொண்டது. ஏட்டை நாம் படிக்கிறோம். பதிவேடோ நம்மைப் படிக்கிறது. அதில் எழுதப்பட்ட சொல் பள்ளிக்கூட வாயிலிலும் நீதிமன்றத்திலும் நிலப்பட்டாவிலும் நமக்கு முன்னே சென்று நிற்கிறது. நீலகிரியில் வாழ்ந்த பண்டிதர் இதன் வலிமையைப் பிறர் உணருமுன்னர் உணர்ந்தார். 1881-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, தம் மக்களை இழிபெயரால் எழுதாது பூர்வத் தமிழர் என்று பதிய வேண்டுமெனக் கோரினார். 1886-ஆம் ஆண்டில் இம்மக்கள் இந்துக்கள் அல்லர் என்று வெளிப்படையாக அறிவித்தார். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, கல்வியும் உரிமையும் வேண்டித் தீர்மானங்கள் நிறைவேற்றச் செய்தார்.

அடுத்த ஆண்டு, 1892-இல், சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபை கூடியது. நீலகிரிப் பிரதிநிதியாகச் சென்ற பண்டிதர், பொதுக் கோயில்களில் தம் மக்கள் நுழையத் தடை ஏன் என்று வினவினார். சபையில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் அவர் கேட்டவை இரண்டு. ஒன்று, ஏழைப் பிள்ளைகளுக்கு 4-ஆம் வகுப்பு வரையில் இலவசக் கல்வி; மற்றொன்று, ஊர்களில் வீணே கிடக்கும் தரிசு நிலம். எழுத்தறிவையும் நிலத்தையும் ஒரே மூச்சில் அவர் கேட்டதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நிலமற்றவன் பெற்ற எழுத்து அவனைப் பிறர்க்குக் கணக்கெழுதும் ஏவலாளாக்கும். எழுத்தற்றவன் பெற்ற நிலமோ, அவன் படிக்காத பத்திரத்தால் கை மாறிப்போகும்.

1893-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்கென ஓர் ஆணை பிறப்பித்தது. 1894-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் முதலிய இடங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயரே வழங்கிற்று. சேரிப் பிள்ளைகளின் கையில் பலகையும் பலப்பமும் ஏறின. ஆல்காட்டின் தொடர்பே பண்டிதரைப் புத்த தன்மத்தின் வாயிலுக்கும் இட்டுச்சென்றது. 1898-ஆம் ஆண்டில் பண்டிதரும் அவர் நண்பர் கிருஷ்ணசாமியாரும் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, கொழும்பில் சுமங்கல மகாநாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றனர். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினர். மாரிகுப்பம், சாம்பியன் ரீப், பெங்களூர், ஹூப்ளி முதலிய இடங்களிலும், கடல் கடந்து இரங்கூனிலும் சங்கத்தின் கிளைகள் தழைத்தன.

இனி இதழின் எழுத்து. 1907-ஆம் ஆண்டு தமிழ்ப் பௌத்தர்க்கு இரண்டு நூற்செல்வங்களைத் தந்த ஆண்டு. பேராசிரியர் லட்சுமி நரசு ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சாரம் பற்றிய நூல் அவ்வாண்டில் வெளிவந்தது. அது ஆங்கிலங் கற்றோர் கையில் உலவியது; 1948-இல் பாபாசாகேப் அம்பேத்கரின் முன்னுரையோடு மீண்டும் அச்சேறியது. அதே 1907-இல் ஜூன் 19-ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் வெளியிட்ட வார இதழ் 'ஒரு பைசாத் தமிழன்'. பக்கங்கள் 4, விலை பெயரிலேயே விளங்கும். ஓராண்டுக்குப் பின் வாசகர் வேண்டுகோளின்படி 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. நரசுவின் நூல் ஒருவர் தனித்திருந்து படிப்பதற்கு உரியது. 'தமிழ'னோ ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பதற்கும் உரியது. இரண்டும் தன்மத் தொண்டே. எனினும் சுரங்கத்தினின்று ஏறி வந்த தொழிலாளியை எட்டியது நாலு பக்க இதழே.

தங்கவயலை இங்கு நினையாதிருக்க இயலாது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வயிற்றுப் பிழைப்புக்காகச் சென்ற நம் முன்னோர் அங்கே பூமியைக் குடைந்து பொன் எடுத்தனர். 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தினின்று மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. சுரங்கப் பொறிகள் அதனால் இயங்கின. அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின் 'தமிழன்' வந்தது. அதனால் மனிதர் எழுந்து நின்றனர். ஒரு வரிசை வீடுகளில் ஒருவர்க்கு மட்டும் படிக்கத் தெரிந்திருந்தாலும், கேட்கும் செவி பல. கேட்டபின் எழும் வினாக்களோ அதனினும் பல. அவ்வினாக்களை மக்கள் கடிதமாக எழுதி விடுத்தனர். பண்டிதர் இதழிலே விடையளித்தார். தன்மம், மருந்து, சாதி, ஊர் வழக்கு எனப் பலவும் அங்கே விசாரிக்கப்பட்டன. கேட்பவன் வினவுபவனாகி, வினவுபவன் எழுதுபவனானான். ஏட்டின் அடைப்பு இவ்வாறு திறந்தது.

பண்டிதர் மக்களுக்குக் கற்பித்த வாசிப்பு எழுத்தோடு நின்றதன்று. பண்டிகையையும் வழக்கத்தையும் சொல்லையும் கூட ஒரு சுவடி போல விரித்துப் படிக்கக் கற்பித்தார். தீபாவளியன்று நாம் எண்ணெய் தேய்த்து நீராடுவது ஏன் என்று வினவி, எள்ளின் நெய்யைப் பௌத்த சங்கத்தார் கண்டறிந்து மக்களுக்கு அறிவித்த நன்னாளே அது என விளக்கினார். இழிவாக வழங்கிய பறையர் என்னும் பெயருக்கும், மறைக்கப்பட்ட உண்மையைப் பறைந்தோர் எனப் பொருள் கூறினார். அவர் காட்டிய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எதையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும் என்ற பகவன் வழியில் நிற்போர், பண்டிதரையும் ஆராய்ந்தே ஏற்பர். ஆனால் பிறர் நமக்கு எழுதி வைத்த கதையை, இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்கும் துணிவை அவரே நம் முன்னோர்க்கு ஊட்டினார். அத்துணிவு பிழையாகாது.

1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வந்தபொழுது, பௌத்தர் என்று பதியுமாறு பண்டிதர் மக்களை ஊக்கினார். 1881-இல் அரசாங்கத்திடம் விண்ணப்பித்தவர், 30 ஆண்டுகளுக்குப் பின் மக்களிடமே விண்ணப்பித்தார். இடைப்பட்ட காலத்தில் தம்மைத் தாமே எழுதிக்கொள்ள வல்ல ஒரு மக்கட்கூட்டம் தோன்றியிருந்தது. 1912-ஆம் ஆண்டில் தமிழ் நூல்களின் துணைகொண்டு பகவன் சரிதத்தையும் போதனையையும் 'புத்தரது ஆதிவேதம்' என்னும் நூலாக நமக்கு அளித்தார். 1914-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் அவர் வாழ்வு நிறைவுற்றது.

அவருக்குப் பின் அவர் மகனார் பட்டாபிராமன் இதழைச் சில காலம் நடத்தினார். பின் அது நின்றது. 1926-இல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் எழுப்பினார். மாரிகுப்பம் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. அதன்பின் பல்லாண்டுகள் அவர் எழுத்துகள் சில வீடுகளின் பெட்டிகளுக்குள் உறங்கின. அப்பெட்டிகளைக் கரையானிடமிருந்து காத்தவர் பெரும்பாலும் பெயரறியாத தொழிலாளர் குடும்பத்தினரே. ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து 1999-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட்ட பின்னரே நாடு பண்டிதரை மீண்டும் படித்தது. வேலையிழந்த நாமும் எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வரியாக, அத்தொகுதிகளிலிருந்தே படிக்கக் கற்றோம். நாம் தன்மம் உரைக்க வந்தது அவ்வாசிப்பின் பயனே.

அன்பர்களே! தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. நம் பிள்ளைகள் பட்டம் பெற்றுப் பல நகரங்களில் பணிபுரிகின்றனர். வீட்டுக்கு ஒருவர்க்கேனும் எழுத்துத் தெரியாதா என்று ஏங்கிய நிலை இன்று இல்லை. கையடக்கத் தொலைபேசியில் நாள்தோறும் வந்து குவியும் செய்திகளை எல்லோரும் படிக்கிறோம். ஆனால் படித்ததைக் கூடியிருந்து விசாரிக்கிறோமா? எழுதியவர் யார் என்று கேட்கிறோமா? கேளாமலே அடுத்தவர்க்கு அனுப்பிவைப்பது, படியாமலே தாளில் ஒப்பமிட்ட நம் பழைய பிழையினின்று எவ்வாறு வேறாகும்?

இக்கேள்வி இப்பொழுது அவசரமும் பெற்றுள்ளது. 2027-ஆம் ஆண்டுக்கான மக்கட்தொகைக் கணக்கெடுப்பை இந்திய அரசு 2025 ஜூன் மாதத்தில் அறிவித்தது. மதத்தோடு எல்லோர் சாதியும் அதில் பதியப்படும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாடு முழுவதும் பௌத்தராகப் பதிவானோர் சுமார் 11 ஆயிரம் பேரே. தன்மத்தில் நிற்போர் இவ்வளவே என்று நாம் நம்பவில்லை. பௌத்தர் என்றால் சலுகை போய்விடும் என்று அஞ்சியோர் பலர். கேளாமலே எழுதப்பட்டோர் பலர். 1990-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பட்டியல் சாதியார் பௌத்தராயினும் அவர்தம் உரிமை நீங்குவதில்லை. இதனை ஒவ்வொரு வீட்டிலும் உரைத்தல் வேண்டும். கணக்கெடுப்பாளர் தம் கருவியில் பதிந்தது யாது என்று பணிவோடு கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்பது சண்டையன்று. அது நம் எழுத்தறிவு.

பௌர்ணமிதோறும் குடும்பத்தோடு கூடி, பண்டிதரின் நூலில் ஒரு பக்கத்தைச் சிறுவர் ஒருவரைக்கொண்டு உரக்கப் படிக்கச் செய்வோம். மூத்தோர் கேட்கட்டும், இளையோர் வினவட்டும். நாலு பக்க இதழைச் சுற்றி நம் முன்னோர் அமர்ந்த அவ்வட்டத்தில் இன்னும் இடமிருக்கிறது.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க. மங்களம் உண்டாவதாக.