நிழலை நிறுத்திய நீப்ஸ்

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் சோன் என்னும் ஆறு ஓடுகின்றது. அதன் கரையிலுள்ள ஷாலோன் நகரில், 1765ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள், செல்வக் குடியொன்றில் ஜோசப் நீப்ஸ் தோன்றினார். நிசெபோர் என்னும் பெயரைப் பின்னாளில் அவரே தமக்குச் சூட்டிக்கொண்டார். வெற்றியைக் கொணர்பவர் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அவர் உயிரோடிருந்த நாளெல்லாம் அந்தப் பெயருக்கும் அவர்தம் வாழ்க்கைக்கும் பொருத்தம் ஏற்படவேயில்லை.

இளமையில் அவர் சமயப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தார். பின்னர்ப் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. நீப்ஸ் படையிற் சேர்ந்து இத்தாலிப் பகுதியிலும் சார்டினியாவிலும் பணியாற்றினார். கடும் நோய் அவரைப் படைவாழ்க்கையிலிருந்து விலக்கியது. நீஸ் நகரில் தங்கி, திருமணம் செய்துகொண்டு, அங்கே சில காலம் அரசாங்க அலுவலும் பார்த்தார். 1801ஆம் ஆண்டு தம் தமையனார் கிளாடுடன் சொந்த ஊருக்குத் திரும்பினார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் புதியன காண்பதில் தணியாத வேட்கை இருந்தது. பூட்டிய கலத்தினுள்ளே நுண்பொடியைத் தீப்பற்றச் செய்து, அவ்வெடிப்பின் விசையால் படகைச் செலுத்தும் எந்திரம் ஒன்றை அவர்கள் அமைத்தனர். அப்படகு சோன் ஆற்றின் நீரோட்டத்தை எதிர்த்துச் சென்றது. 1807ஆம் ஆண்டில் நெப்போலியன் கையொப்பத்துடன் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. இன்று உந்துவண்டிகளில் இயங்கும் உள்ளெரி எந்திரத்தின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. பின்னர், ஆங்கிலேயரோடு நேர்ந்த போரால் கப்பல்வழி வந்துகொண்டிருந்த அவுரிச் சாயம் தடைப்பட்டபோது, அதற்கு ஈடாக வேறொரு செடியிலிருந்து நீலச் சாயம் எடுக்கவும் அவர்கள் முயன்றனர். இவற்றுள் எதுவும் அவர்களுக்குப் பொருளைத் தேடித் தரவில்லை. உள்ள பொருளையும் சிறிது சிறிதாகக் கரைத்தது.

அக்காலத்தில் கல்லச்சுக்கலை ஐரோப்பாவெங்கும் பரவிவந்தது. கல்லின்மேல் படத்தை வரைந்து, மை தடவித் தாளிற் பதிக்கும் கலை அது. 1813ஆம் ஆண்டையொட்டி நீப்ஸ் அதில் ஈடுபட்டார். ஆனால், அவருக்குப் படம் வரையத் தெரியாது. மகன் இசிடோர் வரைந்து கொடுக்க, தந்தை அச்சிட்டு வந்தார். பிறகு மகன் படையிற் சேரப் போய்விட்டான். வரையும் கை இல்லாமற் போகவே, ஒளியையே வரையச் செய்ய முடியாதா என்று நீப்ஸ் எண்ணலானார். வரையத் தெரிந்த ஒருவருக்கு இத்தகைய எண்ணம் இவ்வளவு அழுத்தமாகத் தோன்றியிருக்குமோ என்பது ஐயமே.

இங்கு ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இருண்ட அறையின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியேயுள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். இதனை அறிஞர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். ஓவியர்கள் துளையிருந்த இடத்தில் கண்ணாடி வில்லையைப் பொருத்தி, அறையைச் சிறு பெட்டியாக்கி, அதில் விழும் உருவத்தைப் பார்த்து வரைந்துவந்தனர். எனவே, உருவத்தை விழச் செய்வது புதுமையன்று. விழுந்த உருவம் பெட்டியைத் திருப்பியவுடன் மறைந்துவிடுகின்றது. அதனை மறையாமல் நிற்கச் செய்வதே எவருக்கும் கைவராத செயலாக இருந்தது.

வெள்ளி உப்புகள் ஒளி பட்டால் கறுக்கும் என்பதும் முன்பே அறிந்த செய்திதான். 1816ஆம் ஆண்டில் நீப்ஸ் வெள்ளிக் குளோரைடு பூசிய தாளைப் பெட்டியினுள் வைத்துத் தம் வீட்டுப் பலகணியிலிருந்து தெரியும் காட்சியைப் பிடித்தார். உருவம் பதிந்தது, ஆனால், வெளிச்சமான இடம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் மாறிப் பதிந்தது. அதைவிடப் பெருங்குறை ஒன்று இருந்தது. பார்ப்பதற்காக வெளியே எடுத்தால், எஞ்சிய இடமும் ஒளியினாற் கறுத்து, சில நாளில் தாள் முழுவதும் இருண்டுவிடும். அமிலங்களால் கழுவிப் பார்த்தும் பயன் விளையவில்லை. கைக்கு எட்டியது கண்ணுக்கு எட்டாமற் போயிற்று.

நீப்ஸ் மனந்தளரவில்லை, வழியை மாற்றினார். ஒளி பட்டால் நிறம் மாறும் பொருளை விடுத்து, ஒளி பட்டால் இறுகும் பொருளைத் தேடினார். யூதேயா நிலக்கீல் என்னும் ஒருவகைத் தார் அவருக்குக் கிடைத்தது. அதனை லாவெண்டர் எண்ணெயிற் கரைத்துத் தகட்டின்மேல் மெல்லிதாகப் பூசி உலர்த்தினால், ஒளிபட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் இளகிய நிலையிலேயே இருக்கும். பிறகு தகட்டை அவ்வெண்ணெயாற் கழுவினால் இளகிய பகுதி மட்டும் கரைந்து போக, இறுகிய பகுதி உருவமாக நிற்கும். மேலும் ஒளி பட்டாலும் அதற்கு அழிவில்லை. 1822ஆம் ஆண்டில், போப்பாண்டவர் ஏழாம் பயசின் அச்சுப்படம் ஒன்றை ஒளி ஊடுருவுமாறு செய்து, நிலக்கீல் பூசிய கண்ணாடியின்மேல் வைத்து, வெயிலில் காட்டிப் படியெடுத்தார். இம்முறைக்குக் கதிரவன் எழுத்து என்னும் பொருள்பட ஹீலியோகிராபி என்று பெயரிட்டார்.

அச்சுப்படத்தைப் படியெடுப்பது வேறு. கண்முன் உள்ள உலகத்தைப் படமெடுப்பது வேறு. 1826 அல்லது 1827ஆம் ஆண்டில், ஷாலோனை அடுத்த சேன் லூப் என்னும் சிற்றூரில் இருந்த தம் வீட்டின் மாடிப் பலகணியில் நீப்ஸ் பெட்டியை நிறுத்தினார். அதனுள்ளே நிலக்கீல் பூசிய வெள்ளீயக் கலவைத் தகடு இருந்தது. அதன் நீளம் ஏறக்குறைய 20 செண்டிமீட்டர். அகலம் 16 செண்டிமீட்டர். எட்டு மணி நேரம் ஒளி புகவிட்டார் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். பல நாட்கள் ஆகியிருக்க வேண்டும் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். காலையில் கிழக்கிலும் மாலையில் மேற்கிலும் நின்ற கதிரவன் முற்றத்தின் இருபுறச் சுவர்களிலும் ஒளியைப் பாய்ச்சினான். ஆகவே, எந்த மனிதனும் ஒரே நேரத்தில் கண்டிராத வெயிலை அத்தகட்டில் நாம் காண்கின்றோம். புறாக்கூடு, பேரிமரம், சாய்ந்த கூரை, சமையற்கொட்டில் என அதில் இருப்பவை யாவும் எளிய பொருள்களே. இயற்கைக் காட்சியைப் பெட்டியாற் பிடித்த படங்களுள் இன்றுவரை எஞ்சியிருப்பவற்றில் இதுவே மிகப் பழையது.

இதற்கிடையே தமையனார் கிளாடு இங்கிலாந்து சென்று, லண்டனை அடுத்த கியூ என்னும் ஊரில் தங்கியிருந்தார். ஒருமுறை இயக்கினால் எக்காலமும் நில்லாது ஓடும் எந்திரத்தைச் செய்வதாக எண்ணி, குடும்பச் சொத்தையெல்லாம் அதிலே கொட்டினார். அத்தகைய எந்திரம் இயற்கை நெறிக்கே மாறானது. 1827ஆம் ஆண்டின் இறுதியில் நீப்ஸ் அவரைக் காணச் சென்றபோது, அவர் அறிவு திரிந்த நிலையிற் கிடந்தார். தம்பிக்கு அது பேரிடி. ஆயினும், கையோடு கொண்டு சென்ற தகடுகளையும், தம் கண்டுபிடிப்பைப் பற்றிய குறிப்பையும் லண்டன் ராயல் கழகத்தார்முன் வைக்க விரும்பினார். கியூவில் வாழ்ந்த பிரான்சிசு பாயர் என்னும் தாவர ஓவியர் அவருக்குத் துணைநின்றார். ஆனால், செய்முறையை வெளியிடாத எதனையும் கழகம் ஏற்பதில்லை. மறைபொருளைச் சொல்லிவிட்டால் அதனாற் பொருளீட்டும் வழி அடைபட்டுவிடும் என்று நீப்ஸ் அஞ்சினார். கடன் தலைக்குமேல் இருந்தது. அவர் சொல்லவில்லை, கழகமும் கேட்கவில்லை. முற்றத்துக் காட்சி பதிந்த தகட்டைப் பாயரிடமே விட்டுவிட்டு அவர் ஊர் திரும்பினார். 1828ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிளாடு இறந்தார்.

இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில், பாரிசு நகரில் நீப்ஸ் ஒருவரைச் சந்தித்திருந்தார். அவர் பெயர் லூயி டாகேர். பெருந்திரைகளில் காட்சிகளை வரைந்து, விளக்கொளியை மாற்றி மாற்றி மக்களை மயக்கும் டையோராமா என்னும் காட்சிக்கூடத்தை நடத்தியவர் அவர். இருவரும் பாரிசிலிருந்த ஒரே கண்ணாடி வில்லைக் கடையில் பொருள் வாங்கியவர்கள். அக்கடையின் வாயிலாகவே நீப்சின் முயற்சியை டாகேர் அறிந்து, 1826ஆம் ஆண்டிலேயே அவருக்கு மடல் எழுதினார். தம் மறைபொருளைக் கவர வருகின்றாரோ என்று நீப்ஸ் முதலில் ஐயுற்றார். முதுமையும் வறுமையும் நெருக்கவே, 1829ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் இருவரும் பத்தாண்டுக் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி நீப்ஸ் தம் செய்முறை முழுவதையும் எழுதிக் கொடுத்தார்.

நான்காண்டு கழியுமுன்னே, 1833ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5ஆம் நாள், நீப்ஸ் சேன் லூப் வீட்டில் திடீரென்று உயிர்நீத்தார். அவர்தம் கண்டுபிடிப்பைப் பற்றி உலகம் ஒன்றும் அறியாது.

டாகேர் விடாது உழைத்தார். மெருகிட்ட வெள்ளித் தகட்டின்மேல் அயோடின் ஆவியைப் படியச் செய்து, அதனைப் பெட்டியில் வைத்து ஒளிகாட்டி, பின் பாதரச ஆவியிற் பிடித்தால் மறைந்திருந்த உருவம் வெளிப்படுவதைக் கண்டார். நாட்கணக்கில் பிடித்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது. உப்புநீரால் உருவத்தை நிலைப்படுத்தவும் 1837ஆம் ஆண்டில் வழி கண்டார். வெள்ளித் தகட்டையும் அயோடினையும் முதலிற் கையாண்டவர் நீப்ஸே. ஆனால், தம் படத்தின் நிழற்பகுதியைக் கறுப்பாக்கவே அவர் அயோடினைப் பயன்படுத்தினார். அவ்வெள்ளி அயோடைடே ஒளியை உணர்ந்து உருவத்தை ஏற்கும் என்பதைத் தம் முறைக்கு அடிப்படையாக அவர் கொள்ளவில்லை. தேடிய பொருள் கையிலிருந்தும் அதனை வேறொன்றுக்குப் பயன்படுத்திய அவர்நிலை நம் நெஞ்சை உறுத்துகின்றது. டாகேரைக் கள்வர் என்று சொல்வாரும் உளர். அது நேரிய தீர்ப்பன்று. பாதரச முறை அவருடையதே. அதுவின்றிப் படக்கலை மக்கள் கைக்கு வந்திராது. எனினும், பெயரைப் பொறுத்தவரை அவர் பெருந்தன்மையாக நடந்துகொள்ளவில்லை என்றே கூற வேண்டும். தந்தையின் இடத்திற்கு வந்த இசிடோரை, புதிய முறை டாகேரின் பெயரை மட்டுமே தாங்கும் என்னும் ஒப்பந்தத்தில் 1837ஆம் ஆண்டில் கையொப்பமிடச் செய்தார். வறுமையுற்றிருந்த இசிடோரும் இணங்கினார்.

1839ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள், பாரிசு அறிவியற் கழகத்தில் அராகோ என்னும் அறிஞர் இக்கண்டுபிடிப்பை அறிவித்தார். ஆகஸ்டு 19ஆம் நாள் செய்முறை முழுவதும் வெளியிடப்பட்டது. அரசாங்கம் டாகேருக்கு ஆண்டுதோறும் 6,000 பிராங்கும், இசிடோருக்கு 4,000 பிராங்கும் உதவித்தொகை வழங்கியது. ஊரெங்கும் டாகேரோடைப் என்பதே பேச்சாயிற்று. கியூவில் முதுமையுற்றிருந்த பாயர் மட்டும் வாளா இருக்கவில்லை. நண்பரின் தகடுகள் தம்மிடம் உள்ளன என்றும், முதலிற் கண்டவர் அவரே என்றும் பத்திரிகைக்கு எழுதினார். 1841ஆம் ஆண்டில் இசிடோரும், டாகேரோடைப் என்று பிழையாகப் பெயரிடப்பட்ட கண்டுபிடிப்பின் வரலாறு என்னும் பொருள்படும் சிறுநூலை வெளியிட்டார். கேட்டவர் சிலரே.

பாயர் 1840ஆம் ஆண்டில் மறைந்தபின் அத்தகடு பலர் கைமாறியது. 1898ஆம் ஆண்டு லண்டனில் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதன்பின் அது எங்குச் சென்றது என்று எவரும் அறியவில்லை. படக்கலையின் வரலாற்றை எழுதிய ஹெல்முட் கெர்ன்ஷைம் என்பார் பல ஆண்டுகள் தேடி, 1952ஆம் ஆண்டில் லண்டனில் பழைய பெட்டியொன்றினுள் அதனைக் கண்டெடுத்தார். அதன் பின்புறத்தில் பாயர் தம் கையால் எழுதிவைத்த குறிப்பு அழியாதிருந்தது. அத்தகட்டையே படமெடுக்கக் கோடாக் நிறுவனத்தார் பெரிதும் இடர்ப்பட்டனர். நூல்களில் நாம் காணும் படம், அப்படியைக் கெர்ன்ஷைம் தூரிகையால் தெளிவாக்கியதே ஆகும்.

1963ஆம் ஆண்டு முதல் அத்தகடு அமெரிக்காவில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாசுப் பல்கலைக்கழகத்தில், காற்றுப் புகாத பேழையினுள் இருந்துவருகின்றது. அதன்முன் நேராக நின்று நோக்குவார்க்கு அது மங்கிய வெறுந்தகடாகவே தோன்றும். சற்றே சாய்ந்து பார்த்தால் புறாக்கூடும், பேரிமரமும், இருபுறமும் வெயில் காயும் சுவர்களும் மெல்லத் தெரியும்.