ரயில் கனவு கண்ட நடிகர் சங்கர் நாக்

பெங்களூர் ஆட்டோக்களின் பின்புறத்தில் ஒரு நடிகரின் படத்தை இன்றும் காணலாம். பல ஆட்டோ நிறுத்தங்களுக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அவர்தான் கன்னட நடிகர் சங்கர் நாக். அவர் மறைந்து 30 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

ஆட்டோ ஓட்டுநர்களின் அன்பைப் பெற்ற இவர், பெங்களூருக்கு மெட்ரோ ரயில் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே முயன்றவர் என்பது பலருக்குத் தெரியாது.

நாடக மேடை

சங்கர் நாக் 1954-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி வடகன்னட மாவட்டத்தில் பிறந்தார். நடிகர் அனந்த் நாக் இவருடைய அண்ணன். படிப்பை முடித்ததும் பம்பாய்க்குச் சென்று மராத்தி நாடகங்களில் ஈடுபட்டார். பின்னாளில் மனைவியான அருந்ததியை அவர் சந்தித்ததும் நாடக ஒத்திகையில்தான்.

1978-ல் கிரீஷ் கர்னாட் இயக்கிய 'ஒந்தானொந்து காலதல்லி' படத்தில் அறிமுகமானார். முதல் படத்திலேயே சர்வதேச திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு பெற்றார்.

1980-ல் வெளிவந்த 'ஆட்டோ ராஜா' அவரை ஏழை எளிய மக்களின் நாயகனாக்கியது. தமிழில் அதே பெயரில் விஜயகாந்த் நடித்தார். 1981-ல் சங்கர் நாக் இயக்கி நடித்த 'கீதா' படத்துக்கு இசை அமைத்தவர் இளையராஜா.

மால்குடி நிலையம்

எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் சென்னையில் பிறந்த தமிழர். 1930-ல் பெங்களூரில் பாட்டியின் வீட்டில் இருந்தபோது மால்குடி என்ற ஊரைக் கற்பனையில் கண்டார். அந்த ஊரில் அவர் மனதில் முதலில் தோன்றியது ஒரு ரயில் நிலையம்.

இந்தக் கதைகளைச் சங்கர் நாக் டெலிவிஷன் தொடராக இயக்கினார். 1986-ல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'மால்குடி டேஸ்' நாடெங்கும் அவருக்குப் புகழ் தந்தது. தொடருக்கு இசை அமைத்தவர் நம் எல்.வைத்தியநாதன்.

சிமோகா மாவட்டத்து ஆகும்பே கிராமம் மால்குடி ஆயிற்று. அதே மாவட்டத்தில் உள்ள அரசாளு ரயில் நிலையம், மால்குடி நிலையமாக வேடம் போட்டது. அந்தப் பழைய நிலையக் கட்டடம் 2020-ல் மால்குடி அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது.

மெட்ரோ யோசனை

கதையில் வரும் ரயிலோடு அவர் நின்றுவிடவில்லை. 1971-ல் சுமார் 16 லட்சமாக இருந்த பெங்களூரின் மக்கள்தொகை, 1981-ல் 29 லட்சமாகப் பெருகியது. தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போகிறவர்கள் பஸ்ஸையும் சைக்கிளையும் நம்பியே இருந்தார்கள். சாலைகள் மட்டும் இந்த ஊருக்குப் போதாது என்று சங்கர் நாக் கருதினார்.

உலகின் முதல் சுரங்க ரயில் 1863-ல் லண்டனில் ஓடத் தொடங்கியது. அங்கு சென்ற சங்கர் நாக், அது எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து விவரங்களைத் திரட்டினார். ராமகிருஷ்ண ஹெக்டே முதலமைச்சராக இருந்த காலத்தில் தமது யோசனையை அரசிடம் எடுத்துச் சொன்னார் என்று அவரை அறிந்தவர்கள் கூறுவர்.

1984-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது. பெங்களூரில் யோசனை யோசனையாகவே நின்றது. சினிமா நடிகருக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தவர்களும் உண்டு. அவர் சோர்ந்துவிடவில்லை.

விபத்து

1990-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி அதிகாலை. படப்பிடிப்புக்காகக் குடும்பத்துடன் காரில் சென்றுகொண்டிருந்தார். தாவணகெரே அருகே ஆனகோடு என்ற ஊரில் நடந்த விபத்தில் அவர் உயிர் இழந்தார். அருந்ததி பலத்த காயம் அடைந்தார். அப்போது சங்கர் நாக்குக்கு வயது 35. சுமார் 12 ஆண்டுகளே திரையுலகில் இருந்தார்.

உடல் தேறிய அருந்ததி, கணவர் விரும்பிய நாடகத் தொண்டைத் தொடர்ந்தார். அவருடைய முயற்சியால் 2004-ல் ஜே.பி.நகரில் 'ரங்க சங்கரா' நாடக அரங்கம் திறக்கப்பட்டது.

21 ஆண்டுகள்

மெட்ரோவுக்கு 2006-ல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. 2011-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி.ரோடு வரை முதல் ரயில் ஓடியது. தூரம் 6.7 கிலோமீட்டர். தமிழர்கள் நிறைந்த அல்சூரும் அந்த முதல் 6 நிலையங்களில் ஒன்று. சங்கர் நாக் மறைந்து 21 ஆண்டுகள் கழிந்திருந்தன.

2025 ஆகஸ்டில் எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. ஓசூர் சாலைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம்மவர்கள் பலருக்கு அது பெரும் உதவி.

அவர் சொன்னபோதே தொடங்கியிருந்தால், பஸ்ஸுக்காகக் காத்து நின்ற ஒரு தலைமுறைத் தொழிலாளர்களின் எத்தனையோ மணி நேரம் மிச்சப்பட்டிருக்கும். அந்த நேரத்தின் அருமையை உணர்ந்தவர் சங்கர் நாக். அவரை ஆட்டோக்காரர்கள் மறக்கவில்லை. ரயிலில் போகிறவர்களும் நினைத்துப் பார்க்க வேண்டிய மனிதர் அவர்.